கணக்கில் வராத குழி

அறிவுச்செல்வியை ஊரில் கட்டடத்துக்கு ஜாதகம் எழுதுகிறவள் என்றுதான் சொல்வார்கள். கேலியாகச் சொன்னாலும் அதில் பொய்யில்லை. மனுசனுக்குப் பிறந்த நேரம் பார்த்து எழுதுகிற மாதிரி, இவள் ஒரு கட்டடத்துக்கு எழுதுவாள். அது பிறப்பதற்கு முன்னாலே ஆரம்பித்து, இடிந்து மண்ணோடு மண்ணாகப் போகிற வரைக்கும் எழுதுவாள். செங்கல் எந்தச் சூளையில் வெந்தது, அதை வேகவைக்க என்ன எரித்தார்கள், கம்பி எங்கே உருகியது, ஜல்லி எந்தக் கரட்டை உடைத்து வந்தது, அதை ஏற்றி வந்த லாரி எவ்வளவு தூரம் ஓடியது, ஆள் குடியேறின பிறகு காத்தாடியும் ஏசியும் எவ்வளவு கரண்டு தின்னும், நம் பேரன் காலத்தில் அதை இடித்தால் அந்தக் கல்லும் காரையுமான கப்பியை யார் எடுப்பார்கள், எங்கே கொண்டுபோய்க் கொட்டுவார்கள். இத்தனையையும் கூட்டி, இந்தக் கட்டடம் காற்றுக்கும் தண்ணீருக்கும் மண்ணுக்கும் தன் ஆயுசு முழுக்க இவ்வளவு கெடுதல் செய்யும் என்று சொல்லிவிடுவாள்.

இதற்குச் சம்பளம் தருவார்களா என்று கேட்காதவர் இல்லை. தருகிறார்கள். சேலத்தில் ஒரு கம்பெனி அவளை இந்த வேலைக்கென்றே வைத்திருந்தது. பெரிசாகக் கட்டுகிறவர்களுக்கு இப்போது பசுமைச் சான்று வேண்டியிருக்கிறது. அதை வாங்கி வாசலில் மாட்டினால் ஒரு மதிப்பு. அந்தச் சான்றுக்கு இந்தக் கணக்கு வேண்டும்.

அந்த வேலைக்கு அவள் பொருத்தமாகப் போனதற்குப் படிப்பு பாதிக் காரணம். திருச்செங்கோட்டில் சிவில் படித்தவள்தான். மீதிப் பாதி அவளுடைய வெசனம். கவலையைத்தான் அந்தப் பக்கம் வெசனம் என்பார்கள். மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் தோட்டங்காட்டுக்குள்ளே வீடு. பள்ளிக்கூடம் போகிற காலத்திலேயே, அடுப்பை அணைத்தோமா இல்லையா என்று பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கித் திரும்பி நடந்து வந்தவள். அடுப்பு ஒருநாளும் எரிந்துகொண்டிருந்ததில்லை. அதனால் அவள் வெசனம் குறைந்ததும் இல்லை. கட்டிக்கொடுத்த பிறகு புருசன் தீனதயாளன் அடிக்கடி சொல்வான். "உனக்கு ஒருநாள் வெசனம் இல்லாமப் போனா, ஏன் இல்லைன்னு அதுக்கும் வெசனப்படுவ."

அவளும் சிரிப்பாள். சிரித்துக்கொண்டே எழுந்துபோய் கேஸ் சிலிண்டரைத் திருகிப் பார்ப்பாள்.

கணக்கில் எது விட்டுப்போனதோ என்பதுதான் அவளுக்கு எப்போதும் பயம். உள்ளே வந்ததைத் தப்பாகக் கூட்டினால் யாராவது கண்டுபிடிப்பார்கள். உள்ளேயே வராததை யார் கண்டுபிடிப்பது?

நாமக்கல் போகிற ரோட்டில் சின்னண்ணன் ஒரு பள்ளிக்கூடம் நடத்தினார். முதலில் கோழிப்பண்ணைதான் வைத்திருந்தார். பிறகு அதோடு பள்ளிக்கூடமும் வந்தது. அந்த வருசம், மூணு நாலு வயசுக் குழந்தைகளுக்கென்று தனியாக ஒரு கட்டடம் எழுப்பியிருந்தார். அதற்குத்தான் சான்று. நல்ல மனுசர், அதில் சந்தேகம் வேண்டாம். பழைய கோழிக்கொட்டகையை இடித்த கல்லையே அஸ்திவாரத்துக்குப் போட்டார். மேட்டூர் அனல்மின் நிலையத்துச் சாம்பலில் செய்த கல்லை வாங்கிச் சுவர் வைத்தார். மச்சில் சூடு இறங்காமல் இருக்க வெள்ளை ஓடு பதித்தார். "அம்மிணி, எல்லாம் உன்ற சொல்லுப்படிதான்" என்று அறிவுச்செல்வியைக் கூப்பிட்டுக் காட்டுவார். அவளுக்கும் அந்தக் கட்டடத்தின் மேல் ஒரு பிரியம் விழுந்துவிட்டது. அவள் எழுதின ஜாதகங்களில் அதுதான் குறைந்த கெடுதல் செய்கிற கட்டடம்.

கோடை லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறக்க இன்னும் சில நாள் இருந்தது. கணக்கு முடிந்த மாதிரிதான். ஒரே ஒரு விசயம் பாக்கி. கட்டடத்துக்குத் தண்ணீர் எடுக்கிற ஆழ்துளைப் போர். அந்தப் பாறை மண்ணில் போர் போடுவது சாமானியமில்லை. ரிக் லாரியும் அதுகூட வருகிற வண்டியும் நாள் பூராவும் டீசலைக் குடித்துக்கொண்டு கல்லைக் குடையும். அந்த டீசலையும் சேர்க்க வேண்டும்.

"ஒரே போர்தான் அம்மிணி. தேனாட்டம் தண்ணி" என்று சின்னண்ணன் சொல்லியிருந்தார்.

டீசல் எவ்வளவு என்று அவருக்குத் தெரியவில்லை. சரி, போர் ஓட்டினவரையே கேட்டுவிடலாம் என்று அறிவுச்செல்வி திருச்செங்கோட்டுக்குப் பஸ் ஏறினாள். போர் ஓட்டினவர் வேலுமணி. வருசத்தில் முக்கால்வாசி நாள் வடக்கே எங்கெங்கோ ரிக் வண்டியோடு சுற்றுகிற ஆள். வைகாசித் தேர் நோம்பிக்கு ஊருக்கு வந்திருந்தார். வண்டியைப் பட்டறையில் விட்டுக் கிரீஸ் அடித்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, சின்னண்ணன் ஐயா பள்ளிக்கூடத்துல போர் ஓட்டுனது நீங்கதானுங்களே?"

"ஆமாங்க. ஏன், தண்ணி கொறஞ்சு போச்சுங்களா?"

"அதெல்லாம் இல்லீங்க. அந்த போருக்கு எவ்வளவு டீசல் ஆச்சுன்னு கேக்கலாம்னு வந்தேன்."

வேலுமணி வண்டிக்கு அடியிலிருந்து தலையை நீட்டிப் பார்த்தார். "எங்க ஓனரே இத்தனை அக்கறையா டீசல் கணக்குக் கேட்டதில்லைங்க. எந்த போருக்கு வேணுமுங்க?"

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு மறுபடியும் வண்டிக்கு அடியில் போய்விட்டார்.

"ரெண்டு போருங்களா?" என்றாள் அறிவுச்செல்வி.

"ஒண்ணுதானுங்க."

"எந்த போருக்குன்னு கேட்டீங்களே?"

"வெயில்ல மண்டை காஞ்சு கெடக்குதுங்க. என்னத்தையோ சொல்லிட்டேன்."

அவள் அங்கே கிடந்த ஒரு காலி டிரம்மின் மேல் உட்கார்ந்துகொண்டாள். கிளம்புகிற மாதிரி தெரியவில்லை. பிறகு அடியிலிருந்து குரல் வந்தது. "அம்மிணி, டீ குடிக்கறீங்களா?"

"குடிக்கறேனுங்க. குடிச்சுப்போட்டும் இங்கதான் உக்காந்திருப்பேன்."

வேலுமணி வெளியே வந்து கையைத் துடைத்தார். "இன்னும் பால் காய்ச்சலீங்களே. பால் காய்ச்சுன பொறவு வாங்க, எல்லாஞ் சொல்றேன்" என்றார் மெதுவாக.

அவ்வளவு போதும் அவளுக்கு. அவளும் அந்தப் பக்கத்துக்காரிதானே.

அந்தக் காட்டுப் பக்கத்துக் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. கட்டடம் எழும்புகிற சமயத்தில் போட்ட போரில் தண்ணீர் வராமல் வெறும் புழுதி வந்தால், அதை யாரும் வாயெடுத்துச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அடுத்த போரும் அப்படியே போகும், கட்டடத்துக்கும் ஆகாது என்று பயம். ரிக்காரர்கள் போய்ட்டு வாரோம் என்றுகூடச் சொல்லாமல் வண்டியைக் கிளப்பிவிடுவார்கள். ஊட்டுக்காரி ஒரு சொம்பு மஞ்சத்தண்ணி கொண்டுபோய் ஊற்றிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வருவாள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. புதுக் கட்டடத்தில் பால் பொங்குகிற வரைக்கும் அப்படி ஒரு போர் போடவே இல்லை என்றுதான் எல்லோரும் நடந்துகொள்வார்கள்.

முதலில் அறிவுச்செல்விக்குத் தோன்றியது கணக்குதான். தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் டீசல் எரிந்ததுதானே. அந்தப் புகையும் கட்டடத்தின் தலையில்தானே விழ வேண்டும். அது விட்டுப்போனால் அவள் எழுதினது பொய்க்கணக்கு. கையில் டீ டம்ளரை வைத்துக்கொண்டு இதையே யோசித்தவளுக்கு, கேசிங் பைப்பின் ஞாபகம் வந்தது. மேல்மண் சரியாமல் இருக்கப் போரின் வாயில் இறக்குகிற குழாய் அது.

"அந்தக் கேசிங் பைப்பு என்ன ஆச்சுங்க? அதுலயே விட்டுட்டீங்களா?"

"விடுவாங்களா? உருவி எடுத்து ரெண்டாவது போருக்குப் போட்டாச்சு. நல்ல பைப்புங்க அது."

பொருளை வீணாக்காமல் இன்னொரு தடவை பயன்படுத்தினால் அவள் கணக்கில் அது நல்ல காரியம். ஆனால் அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். பைப்பை உருவிவிட்டால் மேலே இருப்பது வெறும் மண். ஒரு மழைக்கு அது சரியும். வாய் அகண்டுகொண்டே போகும்.

"குழியை மூடுனது யாருங்க?"

"அது ஊட்டுக்காரங்க வேலைங்க. நாங்க மேல ஒரு சாக்கும் பலகையும் போட்டுட்டு வந்தோம்."

"எந்த எடத்துல?"

"அப்ப அது சோளக்காடுங்க. அறுத்து வெறுங்காடாக் கெடந்துச்சு. கட்டடத்துக்கு மேக்கால எங்கியோ. இப்பக் கொண்டுபோயி விட்டா எனக்கு அடையாளம் தெரியாதுங்க அம்மிணி."

கட்டடத்துக்கு மேற்கே இப்போது குழந்தைகள் விளையாடுகிற இடம். சறுக்கு இருக்கிறது, ஊஞ்சல் இருக்கிறது. செம்மண் கொட்டி, தண்ணீர் தெளித்து, சமமாக்கி வைத்திருக்கிறார்கள். அதற்கு ஆன லாரி ஓட்டத்தை அவளே கணக்கில் எழுதியிருந்தாள்.

பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போதே சேலத்துக்குப் போன் போட்டாள். ஆபீசில் அவளுக்கு மேலே இருக்கிற ஜோதி எடுத்தாள்.

"அக்கா, இன்னொரு போர் இருக்குதுக்கா. தண்ணி வராதது."

"வராததை ஏண்டி எழுதற? நம்ம கணக்கோட எல்லைக்குள்ள அது வராது. கட்டடம் உபயோகப்படுத்தறதைத்தான் எழுதணும்."

"அந்தக் கட்டடத்துக்காகத்தானுங்க்கா குடைஞ்சாங்க."

"செல்வி, நீ இப்படியே போனா அந்த மேஸ்திரி குடிச்ச டீயையும் சேர்க்கச் சொல்லுவ. நாளைக்கு அறிக்கை போகணும். விட்டுடு."

அறிவுச்செல்வி குழி மூடியிருக்கிறதா தெரியவில்லை என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் ஜோதி வைத்துவிட்டாள். அடுத்ததாகச் சின்னண்ணனைக் கூப்பிட்டாள்.

"ஐயா, ஒண்ணு கேக்கணும், கோவிச்சுக்காதீங்க. முதல்ல போட்ட போரு…"

"அம்மிணி." அவர் குரல் மாறிப்போனது. "அந்தப் பேச்செல்லாம் இப்ப வேண்டாம் சாமி. நாளைக்கு விடியால பால் காய்ச்சறோம். காய்ச்சுன பொறவு நீ என்ன கேட்டாலும் சொல்றேன்."

"நாளைக்குக் கொழந்தைங்க வருமுங்களா?"

"வராம? சேர்ந்த புள்ளைங்க அத்தனையும் அப்பன் ஆத்தாளோட வருது. பொங்கல் வெக்கறோம், ஊஞ்சல் ஆடட்டும், சறுக்குல ஏறட்டும். நீயும் ஊட்டுக்காரரைக் கூட்டிக்கிட்டு வந்துரு."

பால் பொங்கினால்தான் பேசலாம், அதே நேரத்துக்குக் குழந்தைகளும் அந்த மண்ணின் மேல் கால் வைத்துவிடும். நாமக்கல் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் ஏறிக்கொண்டாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் அவளால் உட்கார முடியவில்லை. எழுந்து படிக்கட்டுப் பக்கம் வந்து நின்றாள். மூடியிருப்பார்கள், இத்தனை பெரிய மனுசர் மூடாமலா இருப்பார் என்று ஒரு மனசு சொன்னது. யார் மூடினது என்று ஒருத்தரும் சொல்லவில்லையே என்று இன்னொரு மனசு கேட்டது. கண்டக்டர், "ஏனக்கா, எறங்கறதுக்கு இன்னும் ஏகப்பட்ட தூரம் கெடக்குது, இப்பவே படிக்கட்டுக்கு வந்துட்டீங்க" என்றார். அவள் காதில் விழவில்லை.

பள்ளிக்கூடத்தில் இறங்கினபோது பொழுது மேற்கே சாய ஆரம்பித்திருந்தது. வண்ணக் காகிதத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். விளையாட்டு இடம் வெல்லம் பரப்பின மாதிரிச் செவேலென்று வழவழப்பாகக் கிடந்தது. அழகாகத்தான் இருந்தது. அந்த அழகுதான் அவளைப் பயமுறுத்தியது. குழி எங்கே என்று அடையாளம் சொல்ல ஒரு புல்லுகூட இல்லை.

மேஸ்திரி அன்பழகன் வாசற்படிக்குப் பூச்சு பார்த்துக்கொண்டிருந்தான். அவனைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"மேஸ்திரி, அந்தக் குழியை நீங்க மூடுனீங்களா?"

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். "எதுங்க்கா?"

"எதுன்னு உங்களுக்குத் தெரியும்."

"நான் வேலைக்கு வந்தப்பவே தரை சமமா இருந்துச்சுங்க. ஐயா மூடியிருப்பாருங்க."

"ஐயா சொன்னாரா?"

"இதையெல்லாம் யாரு சொல்லுவாங்க?"

அவ்வளவுதான் விசயம். ரிக்காரர் ஊட்டுக்காரர் மூடுவார் என்று போய்விட்டார். ஊட்டுக்காரர் ரிக்காரர் மூடிவிட்டுப் போயிருப்பார் என்று இருந்துவிட்டார். மேஸ்திரி ஐயா மூடியிருப்பார் என்று அதன் மேலேயே செம்மண்ணைக் கொட்டிவிட்டான். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்டால் அது பேச்சாகிவிடும். மூணு பேரும் நல்லவர்கள், மூணு பேரும் வழக்கத்தை மீறாதவர்கள்.

அப்போது சறுக்கின் மேலே சிரிப்புச் சத்தம் கேட்டது. ஆயா வேலைக்கு வந்தவளின் இரண்டு பெண்குழந்தைகள் ஏறி உட்கார்ந்திருந்தன. அறிவுச்செல்விக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. கத்தினால் பயந்து குதித்து ஓடும். ஓடிப்போய்த் தூக்கலாம் என்றால் அவள் கால் எதன் மேல் விழுமோ. செம்மண்ணின் ஓரத்தில் நின்றுகொண்டு, குரலை எத்தனை முடியுமோ அத்தனை சாதாரணமாக்கிக் கூப்பிட்டாள்.

"கண்ணுகளா, உங்கம்மா முறுக்கு வெச்சிருக்கறாளாம். ஓடக்கூடாது. போன வழியாவே மெதுவா நடந்து வாங்க பாக்கலாம்."

பெரியது நல்ல பிள்ளை, நடந்து வந்தது. சின்னது முறுக்கு என்ற சொல்லைக் கேட்டதும் நடுவில் பாய்ந்து ஓடியே வந்துவிட்டது. அந்த ஓட்டம் முடிகிற வரைக்கும் அறிவுச்செல்வி மூச்சு விடவில்லை. வந்து காலைக் கட்டிக்கொண்டு, "முறுக்கு எங்கே?" என்றது. அவள் அதை இழுத்து அணைத்துக்கொண்டாள். அதன் தலையைத் தடவிக்கொண்டே நின்றாள்.

பிறகு சாரம் கட்டுகிற கயிற்றை எடுத்து, விளையாட்டு இடத்தைச் சுற்றிக் கட்ட ஆரம்பித்தாள். கட்டிக்கொண்டிருக்கும்போதே சின்னண்ணன் வந்துவிட்டார்.

"அம்மிணி, என்ன வேலை இது? நாளைக்கு நல்ல காரியத்தை வெச்சுக்கிட்டு இப்பிடிக் கயிறு கட்டி வெப்பாங்களா?"

"நீங்க மூடுனீங்களா ஐயா? மேஸ்திரியும் மூடலை. ரிக்காரரும் மூடலை. ரெண்டு பேத்தையும் கேட்டுட்டேன்."

"ரிக்காரனுக மூடாமயா போவானுக?"

"சாக்குப் போட்டுட்டுப் போயிருக்கறாங்க."

அவர் முகம் ஒரு கணம் வெளுத்தது. அடுத்த கணம் கோபம் வந்தது. "நீ கணக்கு எழுத வந்தவ. எழுதிப்போட்டுப் போக வேண்டியதுதான?"

"எழுதறதுக்குத்தானுங்க கேக்கறேன். எங்க இருக்குதுன்னு தெரியாம எப்படி எழுதறது?"

"எனக்கே தெரியாது. நான் அன்னைக்கு ஆழம் ஆக ஆக மனசு தாங்காம பண்ணைக்குப் போயிட்டேன். வந்து பாக்கறப்ப வண்டி இல்லை."

"அப்ப யாரு இருந்தாங்க?"

அவர் கண் தன்னையறியாமல் பின்னாலிருந்த வீட்டுப் பக்கம் போனது. பள்ளிக்கூடத்தை ஒட்டித்தான் அவர்கள் வீடு. பின்வாசலில் அவர் சம்சாரம் கண்ணாத்தாள் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அறிவுச்செல்வி அவளிடம் போனாள். கண்ணாத்தாள் முந்திக்கொண்டாள். "என்ற வாயால சொல்ல மாட்டேன் சாமி. என்னைக் கேக்காத. நாளைக்குப் பால் பொங்கட்டும்."

"நான் அதைக் கேக்கவே இல்லைங்கம்மா." அறிவுச்செல்வி படிக்குக் கீழேயே நின்றுகொண்டாள். "நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். அன்னைக்கு ஒரு சொம்பு எடுத்துக்கிட்டுப் போனீங்கல்ல? எப்படிப் போனீங்களோ அப்படி ஒரு நடை நடந்து மட்டும் காட்டுங்க. பேச வேண்டாம்."

கண்ணாத்தாள் உள்ளே போய்விட்டாள். கதவைச் சாத்தப்போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவள் ஒரு பித்தளைச் சொம்பில் தண்ணீரோடு திரும்பி வந்தாள். பின்வாசல் படியில் நின்று ஒரு தரம் கண்ணை மூடினாள். தனக்குள் அந்த நாளைக் கூட்டிவருகிற மாதிரி இருந்தது. பிறகு நடந்தாள். கோழிக்கொட்டகை இருந்த இடத்தைச் சுற்றி வளைந்து போனாள். அங்கே இப்போது கொட்டகை இல்லை, ஆனாலும் கால் வளைந்துதான் போனது. கயிற்றைத் தூக்கிப் பிடித்து, செம்மண்ணுக்குள் நுழையப் போனாள்.

"ஆத்தா, பொறுங்க" என்று அன்பழகன் ஓடிவந்து சாரப் பலகையை அவள் காலுக்கு முன்னால் போட்டான். அவள் ஒரு அடி வைக்க, அவன் அடுத்த பலகையைப் போட, அப்படியே ஊஞ்சலைத் தாண்டிப் போனார்கள். சறுக்கு இறங்கி முடிகிற இடத்துக்கு நேராக வந்ததும் கண்ணாத்தாள் நின்றாள். குழந்தை வழுக்கி வந்து கால் ஊன்றுகிற இடம் அது. அங்கிருந்து கையை நீட்டிச் சொம்பைக் கவிழ்த்தாள். திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தாள். ஒரு சொல்கூடச் சொல்லவில்லை.

கொட்டின தண்ணீர் மற்ற இடத்தில் பரவி நின்றது. ஒரு பக்கம் மட்டும் கிடுகிடுவென்று உள்ளே இறங்கியது. மண்ணில் சின்னதாக ஒரு பள்ளம் விழுந்தது.

அன்பழகன் பலகையில் குப்புறப் படுத்துக்கொண்டு கடப்பாரையால் மெள்ளக் குத்தினான். முதல் குத்தில் மண். இரண்டாவதில் நைந்துபோன சாக்கு நூல் கடப்பாரை முனையில் ஒட்டிக்கொண்டு வந்தது. அடுத்த குத்தில் உளுத்த பலகை நொறுங்கியது. கடப்பாரை அவன் கையை விட்டு நழுவிப் போய்விட்டது. கீழே விழுந்த சத்தம் வரவில்லை. எல்லோரும் காது கொடுத்து நின்றார்கள். வரவே இல்லை என்று நினைத்த பிறகு, எங்கேயோ பாதாளத்தில் ஒரு டங் என்ற சத்தம்.

சின்னண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வேட்டியில் செம்மண் ஒட்டினதுகூடத் தெரியவில்லை. "எத்தனை புள்ளைங்களைச் சேர்த்தேன்" என்றார். அறிவுச்செல்வி ஊஞ்சல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள். முறுக்குக்காக ஓடிவந்த சின்னது எந்த இடத்தை மிதித்து வந்தது என்று கண்ணால் அளந்து பார்த்தாள். போய் ஓரமாக வாந்தி எடுத்தாள்.

இருட்டுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. கொட்டகை இடித்த கப்பி இன்னும் ஒரு குவியல் கிடந்தது. கல்லும் மண்ணுமாகப் போட்டுப் போட்டு இடித்து, மேலே கம்பி வைத்துச் சிமெண்டு மூடி போட்டார்கள். கை கழுவிக்கொண்டே அன்பழகன் கேட்டான். "ஏனுங்க்கா, இந்தச் சிமெண்டையும் உங்க ஜாதகத்துல எழுதிக்குவீங்களா?"

"எழுதுவேன்."

"என்ற கடப்பாரையையும் எழுதிக்கோங்க. அதுவும் கட்டடத்துக்குத்தான் போச்சு."

அவள் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

மறுநாள் பால் பொங்கியது. குழந்தைகள் வந்தன. சறுக்கை அந்த இடத்திலிருந்து பிடுங்கி எதிர்ப்பக்கம் நட்டிருந்தார்கள். அறிவுச்செல்வி பொங்கல் வாங்கவில்லை. சிமெண்டு மூடியின் பக்கத்திலேயே நின்று, காய்ந்ததா காய்ந்ததா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னண்ணன் இலையில் பொங்கலை அவரே கொண்டுவந்து கொடுத்தார்.

"அம்மிணி, பால் பொங்கிருச்சு. இனி பேசலாம். அந்தப் போரையும் எழுது. எவ்வளவு டீசல் எரிஞ்சுதுன்னு வேலுமணிகிட்ட நானே கேட்டுச் சொல்றேன்."

"எழுதினா சான்று ஒரு படி இறங்குமுங்க ஐயா."

"எறங்கட்டும். நேத்து எல்லாமே எறங்கிப் போயிருக்கும்."

அவள் இலையை வாங்கிக்கொண்டாள். ஒரு வாய் வைத்தாள். அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது. இலையை அப்படியே மடித்துவிட்டாள்.

இந்த வேலைக்கு வந்ததிலிருந்து அவள் எழுதின கட்டடங்கள் எத்தனை. ஆத்தூர்ப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். வாழப்பாடியில் வீடுகள் சேர்ந்த ஒரு குடியிருப்பு. ராசிபுரத்தில் ஒரு மில்லுக்காரர் பெண்பிள்ளைகளுக்குக் கட்டின விடுதி. எல்லா இடத்திலும் போர் எத்தனை என்று கேட்டிருக்கிறாள். எல்லோரும் ஒன்று என்றுதான் சொன்னார்கள். அவளும் ஒன்று என்றுதான் எழுதினாள். இந்த மண்ணில் ஒரே குடைச்சலில் தண்ணீர் கிடைத்தது என்று எத்தனை பேர் சொன்னாலும் நம்பினாளே. அந்தப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவள் எப்படி நம்பினாள்?

பள்ளிக்கூடத்துக்கு வெளியே, ரோட்டோரப் புளியமரத்தடியில் நின்று போன் போட ஆரம்பித்தாள். மண்டபத்துக்காரர் ஒன்றுதான் என்று அடித்துச் சொன்னார். மில்லுக்காரர் ஆபீசில், "ஏன் மேடம், சான்றுல ஏதாச்சும் தப்பா?" என்று பயந்தார்கள். வாழப்பாடிக் குடியிருப்பில் அதைக் கட்டின பெரியவரே எடுத்தார்.

"ஐயா, உங்க கட்டடத்துக்குக் கணக்கெழுத வந்த அறிவுச்செல்வி பேசறேன். போர் எத்தனை போட்டீங்க?"

"அன்னைக்கே சொன்னனே. ஒண்ணு."

"தண்ணி வராதது எத்தனைங்க?"

அவருக்குப் பின்னால் குழந்தைகள் பந்து விளையாடுகிற கூச்சல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"ஏம்மா கேக்கற?" என்றார் அவர் கடைசியில், ரொம்ப மெதுவாக.

"மூடியிருக்குதுங்களா?"

"மூடியிருப்பாங்க."

அவள் போனைக் காதிலிருந்து எடுக்காமலே ரோட்டில் வந்த சேலம் பஸ்ஸுக்குக் கை காட்டினாள்.

"புள்ளைங்களை உள்ள கூப்பிட்டுக்கோங்க ஐயா" என்றாள். "நான் வந்துட்டிருக்கேன்."